சத்தம் போடாதேங்கோ

என் வீட்டுக்காரருக்குச் சொல்லத் தெரிந்தது ஒரே ஒரு கதை. மற்றபடி வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுகிற ஆள் இல்லை. காய் வாங்கப் போனால்கூட விலை கேட்க மாட்டார்; கடைக்காரன் சொன்னதைக் கொடுத்துவிட்டு, அழுகல் தக்காளியோடு வருவார். ஆனால் எங்கள் சபையில் அவர் கையில் மைக் வந்துவிட்டால், ஏசுதாசனா இது என்று நானே நிமிர்ந்து பார்ப்பேன்.

அதைச் சாட்சி என்போம். கடவுள் தனக்குச் செய்த நன்மையை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்வது. ஒருத்தருக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்திருக்கும், ஒருத்தர் மகனுக்கு விசா கிடைத்திருக்கும். என் வீட்டுக்காரருடையது போர்க்கதை. அதனால் சின்னப் பிள்ளைகள்கூட பெஞ்சில் நெளியாமல் கேட்கும்.

எண்பத்தேழில் இலங்கைக்குப் போன படையில் இவரும் இருந்தார். வண்டி ஓட்டுகிற வேலை. தமிழ் தெரியும் என்பதால் ரோந்து போகிறவர்கள் மொழிபெயர்க்க இவரையும் இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு நாள் விடிகிற நேரம், யாழ்ப்பாணத்துப் பக்கம் ஏதோ ஒரு சின்ன ஊர், பனைகளுக்கு நடுவே ஓட்டு வீடு. கேப்டன் கதவைத் தட்டச் சொல்கிறார். இவர் தட்டப் போவதற்குள் ஒரு பெண் வெளியே வருகிறாள், கையில் வெள்ளைத் துணி. கிட்டே வந்து, "பெடியள் உள்ளுக்கை படுத்திருக்கினம், சத்தம் போடாதேங்கோ" என்று ரகசியமாகச் சொல்கிறாள். பெடியள் என்றால் பையன்கள். ஆயுதம் ஏந்தியவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். முகாமில் தமிழ் தெரியாத சிப்பாய்க்குக்கூட அந்த ஒரு சொல் தெரியுமாம். உள்ளே பதுங்கியிருக்கிறார்கள், சத்தம் காட்டாமல் திரும்பிப் போய்விடுங்கள் என்று அந்தத் தாய் எச்சரித்தாள். இவர் கேப்டனிடம் சொன்னார். எல்லாரும் பின்வாங்கி உயிர் தப்பினார்கள்.

"நாங்க துப்பாக்கி வச்சிருக்கோம்னு அந்த அம்மா பாக்கல. யாரோ பெத்த பிள்ளைங்கன்னு பாத்தாங்க. கையில வெள்ளைத் துணி, சமாதானக் கொடி. கர்த்தர் அந்தக் கொடியை எனக்காகப் பிடிக்க வச்சார்" என்று முடிப்பார். சபை மொத்தமும் "ஸ்தோத்திரம்" என்று சொல்லும். நானும் சொல்வேன், கொஞ்சம் சத்தமாகவே. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு கிறிஸ்துமஸுக்கு இதை நாடகமாகவே போட்டேன். அந்த அம்மாவாக நடித்த பெண் கையில் என் வெள்ளைக் கைக்குட்டையைக் கொடுத்து, உயர்த்திப் பிடி, பின் பெஞ்சுக்கும் தெரியட்டும் என்று அதட்டியது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

இரும்புலியூரில் எங்கள் வீடு ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே. மாடியைப் போன வருடம் தவமலருக்கு வாடகைக்கு விட்டோம். யாழ்ப்பாணத்துக்காரி, ஐம்பதை ஒட்டிய வயது, கணவர் இறந்துவிட்டார். மகன்கள் இரண்டு பேரும் பொத்தேரியில் படிக்கிறார்கள்; அவர்களுக்குப் பொங்கிப் போட அவளும் கூட வந்திருந்தாள். இலங்கை என்று கேட்டதுமே இந்தத் தெருவில் நாலு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள், போலீஸ் வரும் பதிவு வரும் என்று பயம். எனக்கும் யோசனைதான். இவர்தான், "அந்த ஊருக்கு நான் ஏதாவது செய்யணும் ரத்தினா" என்று சாவியைக் கையில் கொடுத்தார்.

அவள் எங்களோடு எங்களைப் போலத்தான் பேசுவாள். பசங்க, சாப்பிட்டீங்களா, வந்துட்டாங்க. டிவி பார்த்துப் பழகிக்கொண்டாளாம். "ஏன், உன் பேச்சுதான் பேசேன், கேட்க நல்லா இருக்குமே" என்று ஒரு தடவை சொன்னேன். "கடையில ஒரு மாதிரி பாக்கிறாங்க அக்கா" என்று சிரித்தாள்.

தாம்பரத்தில் விமானப்படை நிலையம் இருப்பதை வீடு பார்க்க வந்த அன்றைக்கு யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. எங்களுக்கு அந்தச் சத்தம் மிக்சி சத்தம் மாதிரி, காதில் விழுவதே இல்லை. அவளுக்கு அப்படி இல்லை. விமானம் தாழப் பறந்தால் அடுப்பை அணைத்துவிட்டு இறங்கி வந்து எங்கள் மாடிப்படிக்குக் கீழே சுவரோடு சுவராக நிற்பாள். "ஏன் தவமலர், பிளேன் உன் குக்கரைத் தூக்கிட்டுப் போயிடுமா?" என்று கிண்டல் செய்வேன். "பழக்கம் அக்கா" என்பாள். முகம் சிரிக்கும், உள்ளங்கை சுவரை விட்டு வராது. எனக்குக் கிண்டல் அடிக்க மட்டும் வாய் இருந்தது, என்ன பழக்கம் என்று கேட்க வாய் இல்லை.

இவருக்கு அறுபது முடிகிறது என்று சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்திருந்தோம். மகன் ஸ்டெபினும் மருமகள் பிளஸ்ஸியும் நாவலூரில் இருக்கிறார்கள். கேக் அவர்கள் பொறுப்பு. அந்த வாரத் திங்கட்கிழமை காலை மாடித் தொட்டியின் வால்வு இறுகிக்கொண்டு குழாயில் தண்ணீர் வரவில்லை. பிளம்பரைக் கூப்பிடுங்கள் என்றால் கேட்டால்தானே? ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேலே போய்க் குழாயைத் தட்ட ஆரம்பித்தார். நான் சோப்புக் கையோடு படியில் நின்று, "இன்னும் பலமாத் தட்டுங்க, வரவே இல்லை!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

தவமலர் வீட்டுக் கதவு திறந்தது. இரண்டு மகன்களுக்கும் காய்ச்சல் என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள். தூங்காத கண், அவிழ்ந்த முடி, கையில் ஈரத்துணி. இவருக்குப் பக்கத்தில் வந்து, குரலே எழாமல் சொன்னாள்.

"அண்ணை, பெடியள் உள்ளுக்கை படுத்திருக்கினம். சத்தம் போடாதேங்கோ."

சொன்ன பிறகுதான் தன் பேச்சில் பேசிவிட்டது உறைத்தது போலிருக்கிறது. "சாரி அண்ணா, பசங்களுக்கு ஃபீவர். இப்பதான் தூங்குறாங்க" என்று திருத்தினாள்.

இவர் ஸ்பேனரைக் கைப்பிடிச் சுவரில், தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல வைத்தார். அவளையே பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். பிறகு படியில் என்னைத் தாண்டி இறங்கிப் போனார். நான் அங்கே நிற்பது அவர் கண்ணில் படவில்லை. தண்ணீர் வந்ததா இல்லையா என்று நானும் மறந்துபோனேன்.

அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தார். கேட்டால் வாயுத் தொல்லை என்றார். நான் ஓமம் கொடுத்தேன், சுடுதண்ணீர் கொடுத்தேன், கடைசியில் திட்டினேன். தவமலர் எதிரே வந்தால் மட்டும் எழுந்து நின்றார், ஏதோ அதிகாரி வந்த மாதிரி. அது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் நான் கிரைண்டரில் மாவு ஓட்டிக்கொண்டிருந்தேன். அடுக்களை வாசலில் வந்து நின்று என்னவோ சொன்னார். கிரைண்டர் சத்தத்தில் காதில் விழவில்லை. அணைத்தேன்.

"அந்த அம்மா எங்களைக் காப்பாத்தல ரத்தினா" என்றார்.

"எந்த அம்மா?"

"சாட்சியில வர்ற அம்மா."

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். "தவமலர் சொன்னதும் அதே வார்த்தைதான். ஒரு எழுத்து மாறல. பிள்ளைங்க தூங்குதுன்னுதான் அந்த அம்மாவும் சொல்லியிருக்காங்க. எழுப்பிடாதீங்கன்னு சொல்லியிருக்காங்க. நான் வேற மாதிரி கேட்டுட்டேன்."

"சரி, அதனால இப்ப என்ன? நீங்கதான் திரும்பி வந்துட்டீங்களே. யாரும் யாரையும் ஒண்ணும் பண்ணலையே" என்றேன்.

அவர் மாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருடமாக இந்தக் கதையை நான் கேட்டிருக்கிறேன், சபை கேட்டிருக்கிறது, நாடகமே போட்டிருக்கிறேன். அந்த வீடு பிறகு என்ன ஆயிற்று என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

"அந்த வீடு?" என்று கேட்டேன்.

"கேப்டன்கிட்ட 'லட்கே அந்தர் ஹைன்'னு சொன்னேன். பசங்க உள்ள இருக்காங்க. வார்த்தைக்கு வார்த்தை சரிதான். ஆனா முகாம்ல பசங்கன்னா ஆயுதம் ஏந்தினவங்கதான். இந்தியில 'பச்சே'ன்னு ஒரு வார்த்தை இருக்கு, குழந்தைங்கன்னு அர்த்தம். அதைச் சொல்லியிருந்தா சலாம் வச்சிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்போம். எனக்கு அந்த வார்த்தை நல்லாத் தெரியும். தோணல. தமிழன்னுதான் என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. நான் அந்தத் தமிழை முகாம்ல இருந்தவனுங்க கேக்கற மாதிரிதான் கேட்டேன்."

"அப்புறம்?"

"அவர் ரேடியோல சொன்னார். நாங்க பனை வரிசையைத் தாண்டி வந்ததும் எங்க முகாம்லேர்ந்து அந்த வீட்டு மேல ஷெல் அடிச்சாங்க. திரும்பிப் பாத்தேன். ஓடு பறந்துச்சு. அந்த அம்மா எங்ககிட்ட சொல்லிட்டு உள்ளதான் போனாங்க, கதவை மெதுவாச் சாத்திக்கிட்டாங்க. அது எனக்குத் தெரியும். நல்லவங்களாச்சே, பின்பக்கமா வெளிய போயிருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். நினைச்சுக்கிட்டே வந்துட்டேன்." பிறகு சொன்னார்: "அந்த ஓடு பறந்தப்ப நான் ஸ்தோத்திரம்னு சொன்னேன் ரத்தினா. வாய்விட்டுச் சொன்னேன்."

எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழத் தோன்றியிருக்க வேண்டும். வந்தது கோபம். "போதும் நிறுத்துங்க. அறுபது வயசுல இல்லாத பாவத்தை எல்லாம் இழுத்துப் போட்டுக்காதீங்க. சொன்னது நீங்க, ஷெல் அடிச்சது நீங்க இல்லையே. ஒரே வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருந்தா அது உங்க தப்பா?" என்று கத்தினேன். "எந்த அர்த்தம்னு அந்த ஊர்க்காரங்ககிட்ட கேக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்ப் படுத்துக்கொண்டார். நான் கிரைண்டரை மறுபடியும் போட்டேன். மாவு அரைந்து கூழாகிப்போகிற வரை அதை அணைக்கவில்லை.

அவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். ஒரு பதிலால் ஒரு மனிதன் செத்துப்போக முடியும் என்று அந்த இரண்டு நாளில் நான் நம்பினேன். அதனால் வெள்ளிக்கிழமை காலை, அவர் மருந்து வாங்கப் போன நேரத்தில் மாடி ஏறினேன். மகன்களுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. தவமலர் அவர்களுக்காகப் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில் நான் கேட்க வந்ததைக் கேட்டேன்.

"அவர் உன்கிட்ட வந்து கேப்பார். பெடியள்னா எங்க ஊர்ல இயக்கத்து ஆளுங்கதான், வேற அர்த்தமே இல்லைன்னு சொல்லிடு. ஒரே ஒரு வார்த்தை. அவர் பிழைச்சுப்பார்."

தவமலர் அடுப்பை அணைத்தாள். விமானம் எதுவும் வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னால ஏலாது அக்கா" என்றாள். அவள் பேச்சு தானாகவே அவள் ஊருக்குப் போய்விட்டது. "நான் மாத்திச் சொன்னால் அண்ணைக்கு நிம்மதி வரும். அந்த மனிசிக்கு ஆர் இருக்கினம்? அவ என்ன சொன்னவ எண்டு அறிஞ்ச ஒரே ஆள் இவர்தான். அதையும் நான் பொய்யாக்கிறதோ?"

"செத்துப்போனவளுக்காக உயிரோட இருக்கிறவரைச் சாகடிப்பியா?" என்றேன். அதோடு விட்டேனா? "இந்தத் தெருவுல உனக்கு யாரும் வீடு கொடுக்காதப்ப சாவி கொடுத்த மனுஷன் அவர்" என்றும் சொன்னேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு அது மறக்கேல்லை அக்கா. காலி பண்ணச் சொன்னா பண்ணுறன்" என்றாள். நான் பதில் சொல்லாமல் இறங்கி வந்தேன். நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் பந்தல் போட்டு நாற்காலி போட்டோம். சபையிலிருந்து நிறைய பேர் வந்திருந்தார்கள். பக்கவாட்டுச் சந்தில் சமையல்காரர் சிட்டிபாபு பிரியாணி அண்டாவை இறக்கி வைத்திருந்தார். இன்றைக்கு இவரைப் பேசச் சொல்ல வேண்டாம், உடம்பு சரியில்லை என்று சபைச் செயலாளர் தேவானந்தம் சாரிடம் முன்கூட்டியே காதைக் கடித்திருந்தேன். தவமலர் வரக் கூடாது என்றும் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். அவள் வந்தாள். நெற்றியில் திருநீறு, கையில் ஒரு டப்பா நிறைய ரவா லட்டு. அதைப் பிளஸ்ஸியிடம் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. தேவானந்தம் சாருக்கு உற்சாகத்தில் நான் சொன்னது மறந்துவிட்டது. "பர்த்டே பிரதர் சாட்சி சொல்லாம விட்டுருவோமா?" என்று மைக்கை நீட்டிவிட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். இவர் எழுந்தார். நான் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

எப்போதும் தொடங்குகிற மாதிரியேதான் தொடங்கினார். அதே பனைமரம், அதே ஓட்டு வீடு. குரல்கூட மாறவில்லை. ஒருவேளை பழையபடியே சொல்லி முடித்துவிடுவாரோ என்று எனக்கு ஆசை வந்தது. அந்தப் பெண் வெளியே வந்தாள், வெள்ளைத் துணி வந்தது, "பெடியள் உள்ளுக்கை படுத்திருக்கினம், சத்தம் போடாதேங்கோ" என்ற வார்த்தையும் வந்தது. அங்கே நிறுத்தினார்.

"ஸ்தோத்திரம்!" என்றது கூட்டம்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் அடங்கியதும், "அதைச் சொல்லாதீங்க. நான் மீதியைச் சொல்லல இன்னும்" என்றார். மீதியைச் சொன்னார். கேப்டனிடம் என்ன சொன்னார் என்பதை, என்ன சொல்லாமல் விட்டார் என்பதை, ஓடு பறந்ததை, தான் வாய்விட்டுச் சொன்னதை. அவர் மைக்கோடு கடைசி வரிசையைப் பார்த்தார்.

"தவமலர், உங்க ஊர்ல பெடியள்னா யாரும்மா?"

எல்லாத் தலையும் திரும்பியது. அவள் எழுந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"ரெண்டு விதமாவும் சொல்லுவம் அண்ணை. இயக்கப் பெடியளையும் சொல்லுவம், வீட்டுப் பிள்ளையளையும் சொல்லுவம்." பிறகு இவரை நேராகப் பார்த்தாள். "ஆனால் உள்ளுக்கை இயக்கப் பெடியள் இருந்திருந்தால், படுத்திருக்கினம் எண்டு ஒரு மனிசியும் ஆமிக்காரனிட்ட வந்து சொல்லமாட்டா. பிள்ளையள் நித்திரை எண்டால்தான் சொல்லுவா."

இவர் தலையை ஆட்டினார். ஒரு தடவை இல்லை, ஆட்டிக்கொண்டே இருந்தார். சிட்டிபாபு சந்திலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா சார், சாப்பாடு ரெடியா கீது, போட்டுடலாமா?" என்றார். தேவானந்தம் சார் அவசரமாக ஒரு ஜெபத்தைச் சொல்லிக் கூட்டத்தை முடித்தார். கேக் வெட்டவில்லை. பாதிப் பேர் சாப்பிட்டார்கள், பாதிப் பேர் வீட்டில் வேலை இருக்கிறது என்று பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார்கள். இவருக்குக் கைகொடுத்துப் போனவர்கள் குறைவு. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் அது பிரியமான கதையாக இருந்தது.

பந்தலில் நாங்கள் மட்டும் மிஞ்சினோம். இவர் பிளாஸ்டிக் நாற்காலியில் கையைத் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார். தவமலர் மாடிக்குப் போய்விடுவாள், நாளைக்கே வேறு வீடு பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணை, அந்த மனிசி எப்பிடி இருந்தவ?"

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை.

"ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றாள் அவள்.

ஆறுதலுக்கு இந்த மனுஷன் எங்கே போவார் என்று நினைத்தேன். அவர்கள் பேச்சில் ஆறுதலாக என்றால் அவசரப்படாமல், மெதுவாக என்று அர்த்தமாம். அதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். இவருக்கு அது அப்போதே தெரிந்திருந்தது. அவசரப்படாமல் சொன்னார்.

"ஒல்லியா இருந்தாங்க. என்னைவிட நாலஞ்சு வயசுதான் கூட இருக்கும். இத்தனை நாளா அம்மா அம்மான்னு சொல்லிட்டேன், சின்னப் பொண்ணுதான். முடியை அள்ளிச் சொருகியிருந்தாங்க. சேலைக் கரை பச்சை. கால்ல செருப்பு இல்லை. எங்களைப் பாத்துப் பயப்படல. தூக்கக் கலக்கமா இருந்தாங்க. கையில அந்த வெள்ளைத் துணி."

"அது ஈரமோ அண்ணை?"

இவர் தரையைப் பார்த்தார். சாட்சியில் எத்தனையோ தடவை வந்த துணி. அது ஈரமா காய்ந்ததா என்று யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

"சொட்டிச்சு" என்றார். "பேசும்போது வாசப்படியில சொட்டிக்கிட்டே இருந்துச்சு. மடிச்சு, நாலா மடிச்சுப் பிடிச்சிருந்தாங்க."

தவமலர் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள். "பிள்ளையளுக்குக் காய்ச்சல் போல. நெத்தியில போடுறதுக்கு."

என் கைக்குட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்ற அந்தச் சிறுமியின் கை என் கண்முன் வந்தது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

இவர் இன்னும் ஒன்றே ஒன்று கேட்டார். "பெடியள்னு சொன்னாங்க. பெடியன்னு சொல்லல."

தவமலர் மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ ஒண்ணுக்கு மேல" என்றார். அழுதார். அறுபது வயது மனிதர், பிறந்த நாள் புதுச் சட்டையில், சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. தவமலர் அவரைத் தொடவில்லை, மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவர் ஓய்கிற வரை எதிரே உட்கார்ந்திருந்தாள், அவள் கன்னமும் நனைந்திருந்தது. பிறகு எழுந்தாள். நான் மகன்களுக்குப் பிரியாணி கட்டிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டபோது அவள் கையை இரண்டு கையாலும் பிடித்தேன். வெள்ளிக்கிழமை பேசினதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. "போய் வாறன் அக்கா" என்று படி ஏறினாள்.

ஸ்டெபினுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. தெரியாதபோது வேலை செய்வான், அப்பாவைப் போலவே. நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாகத் தடதடவென்று அடுக்க ஆரம்பித்தான். இவர் நிமிர்ந்தார். உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா வைப்பா" என்றார். "மேல பெடியள் படுத்திருக்கினம். சத்தம் போடாதேங்கோ."

ஸ்டெபின் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். மிச்ச நாற்காலிகளை நாங்கள் மூன்று பேரும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் வைத்தோம்.